சனிக்கிழமை தர்ம அடி

நான் எதையும் திருடவில்லை ஏட்டய்யா. நீங்கள் வந்து நின்றதும் "என்னத்தடா திருடின?" என்று கேட்டீர்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். இடது காது கேட்கவில்லை. செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அந்த ஸ்டூலை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் பெட்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

திருட்டு கிருட்டு எதுவும் இல்லை. எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. நேற்றுக் காலையில் என்னைப் பைக்கில் கூட்டிவந்தது மணிபாரதி, என் ரூம்மேட். டாக்டர் அவனிடம் "எப்படிய்யா அடிபட்டுச்சு?" என்று கேட்டிருக்கிறார். அவன் பதற்றத்தில் "தர்ம அடி சார்" என்று சொல்லிவிட்டான். டாக்டர் என்ன செய்வார்? பஸ் ஸ்டாண்டில் பர்ஸ் அடித்து மாட்டிக்கொண்டவனைப் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டுப் போவார்களே, அதுதானே தர்ம அடி? அப்படித்தான் அவர் புரிந்துகொண்டார். பொதுமக்கள் தாக்கியதாக எழுதிவிட்டார். நீங்களும் திருடனைப் பார்க்க வந்துவிட்டீர்கள்.

எங்கள் ரூமில் அதற்கு வேறு அர்த்தம். அது சினிமா சம்பந்தப்பட்டது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் இசக்கிராஜா. ஊர் விளாத்திகுளம் பக்கம். பி.எஸ்சி. கணிதம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். எனக்கு இங்கே ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மோட்டார் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்து டிக் போடுவேன். பொய் டிக் போட்டதில்லை. அரசாங்கப் பரிட்சை எழுதித் தேர்வாகிவிட்டேன். போன வாரம்தான் கலந்தாய்வு முடிந்தது. ஜூனியர் அசிஸ்டெண்ட். இனி போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. உங்கள் ஸ்டேஷனிலிருந்துதான் ஆள் வருவார்கள், நீங்களே கூட வரலாம். அப்போது என் பெயருக்குப் பக்கத்தில் திருட்டு என்று ஒரு வார்த்தை இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

ரூமில் நாங்கள் நாலு பேர். நவநீதன் அண்ணன்தான் மூத்தவர், வீடு அவர் பெயரில்தான் இருக்கிறது. ஜெபசிங் நாகர்கோவில்காரன். அப்புறம் மணிபாரதி, நான். சனிக்கிழமை ராத்திரி யாருக்கும் ஷிஃப்ட் கிடையாது. நவநீதன் அண்ணனிடம் ஒரு சின்ன புரொஜெக்டர் இருக்கிறது. சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுவோம். சிக்கன் பக்கோடா, பரோட்டா. நாலு பாய் வரிசையாக. முதலில் ஒரு படம், அப்புறம் இன்னொரு படம். முதல் படத்தை அந்த வாரம் யார் முறையோ அவர் தேர்ந்தெடுப்பார். இரண்டாவதை எப்போதும் நவநீதன் அண்ணன்தான்.

படம் என்றால் குடும்பப் படம் இல்லை. பேய்ப் படம், கொலைகாரன் படம், வெட்டுக்குத்துப் படம், மிருகம் மனிதனைத் தின்னும் படம். ரத்தம் வர வேண்டும், அதுதான் சட்டம். ஒரு முதலைப் படம் பார்த்தோம் ஏட்டய்யா. மாப்பிள்ளை ஊர்வலம் பாலத்தில் வருகிறது, முதலை எழும்பி மாப்பிள்ளையை மட்டும் கவ்விக்கொண்டு போகிறது. முதலையின் வயிற்றில் ஜிப் தெரிகிறது! ஜெபசிங் பாயில் உருண்டு உருண்டு சிரித்தான். "லேய், அது முதலை இல்லலே, டிராவல் பேக்!" என்றான். இன்னொன்று, வாள் சண்டைப் படம். ஹீரோ ஒருத்தன், எதிரில் ஐம்பது பேர். ஐம்பது பேரும் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவன் கழுத்தறுபட்டு விழுந்த பிறகுதான் அடுத்தவன் வருகிறான். மணிபாரதி "டோக்கன் நம்பர் இருபது!" என்று கத்துவான். டப்பிங் பேய்கள் இன்னும் மோசம். தலைமுடியெல்லாம் பாத்ரூம் ஓட்டையிலிருந்து வருகிறது, பயத்தில் நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறேன், அந்த நேரம் பார்த்து அது "இன்னா பெருசு, சோக்கா கீறியா?" என்று கேட்கிறது.

நல்ல படமும் பார்த்திருக்கிறோம். ஒரு கொலைகாரன், கொல்வதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் மணி என்ன என்று கேட்பான். அவ்வளவுதான். அன்று ராத்திரி நாலு பேரும் லைட்டைப் போட்டுக்கொண்டே படுத்தோம். மறுநாள் கம்பெனி கேன்டீனில் ஒருவர் என்னிடம் மணி கேட்டார், கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

கெட்ட படத்தில் இரண்டு வகை இருக்கிறது. ரசிக்கிற கெட்ட படம், ரசிக்க முடியாத கெட்ட படம். நவநீதன் அண்ணன் போடுவதெல்லாம் முதல் வகை. எனக்கு அந்தத் திறமை கிடையாது. நான் போட்டால் இரண்டாவது வகையாகிவிடும். அதே முதலைப் படத்தின் இரண்டாம் பாகத்தை ஒரு தடவை நான் போட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

தர்ம அடி அதற்குத்தான். படம் மொக்கை என்று தீர்ப்பானால் போட்டவன் மேல் போர்வை விழும். எல்லாரும் அடிப்பார்கள். போட்டவன் "ஒத்துக்கறேன், மொக்கை" என்று சொல்லிவிட்டால் அடி நின்றுவிடும். ஹாஸ்டலில் பிறந்தநாளுக்கு அடிப்பதில்லையா, அந்த மாதிரிதான். விளையாட்டு.

எனக்கு மட்டும்தானா என்கிறீர்களா? இல்லை ஏட்டய்யா. மணிபாரதிக்கும் ஒரு தடவை விழுந்தது. அவன் போர்வையை உதறிவிட்டு ஜெபசிங் மூக்கில் திருப்பிக் குத்திவிட்டான். அதற்கப்புறம் அவனுக்குப் போடுவதில்லை. விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவனிடம் எப்படி விளையாடுவது? ஜெபசிங்குக்கு விழுந்ததா? அவன் படம் மொக்கையானால் அது காமெடியாகிவிடும். நவநீதன் அண்ணனுக்கு யார் போர்வை போடுவது!

நான் தாங்குவேன். அது அவர்களுக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால், அடி முடிந்த பிறகு இருக்கிற நேரம்தான் எனக்கு அந்த ரூமிலேயே பிடித்தது. போர்வையை எடுப்பார்கள், எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரிப்பார்கள். ஜெபசிங் தோளில் கை போட்டு "ஆஸ்கார், வலிக்கா?" என்பான். என்னை ஆஸ்கார் என்றுதான் கூப்பிடுவார்கள். நவநீதன் அண்ணன் தன் தட்டிலிருந்து பரோட்டாவைப் பிய்த்து வைப்பார். அப்புறம் இரண்டாவது படம். நான் நடுவில் படுத்திருப்பேன். காலேஜில் மூன்று வருடம் ஒருத்தனும் என்னைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை ஏட்டய்யா. கலந்தாய்வில் என் ரேங்குக்குச் சொந்த மாவட்டம் தூத்துக்குடியே கிடைத்திருக்கும். நான் இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தை எடுத்தேன். அம்மா போனில் "உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று அழுதாள். ரூமை விட்டு எப்படிப் போவது?

சரி, இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை கலந்தாய்வு முடிந்து லட்டு வாங்கிக்கொண்டு போனேன். நாலு பேரும் சேர்ந்து எழுதிய பரிட்சைதான் அது. நவநீதன் அண்ணனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த தடவை வயது தாண்டிவிடும். எனக்கு மட்டும் கிடைத்தது. எல்லாருக்கும் சந்தோஷம். நவநீதன் அண்ணன் மட்டும் லட்டு எடுக்கவில்லை. அவர் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, இவரும் இப்போதிருந்தே பார்த்துக்கொள்கிறார் போல. கிருஷ்ணகிரி எடுத்திருக்கிறேன், இங்கேயேதான் இருப்பேன் என்றேன். "அப்படியாடா ஆபீசர்" என்றார். அன்றிலிருந்து ஆஸ்கார் போய் ஆபீசர் ஆகிவிட்டேன். புதுப் பட்டப்பெயர்.

சனிக்கிழமை என் முறை. ஒரு வாரமாகத் தேடி வைத்திருந்த படம். தப்பாகிவிடக் கூடாதே என்று முன்கூட்டியே மூன்று தடவை பார்த்துவிட்டேன். எந்த நாட்டுப் படம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, கீழே எழுத்து ஓடும். ரவுடிக் கும்பல் ஒன்று ஒரு வீட்டில் ஆட்களைக் கொண்டுவந்து கொல்கிறது. கொலை முடிந்ததும் தரையைக் கழுவ ஒருத்தனை வரவழைக்கிறார்கள். படம் அவனைப் பற்றித்தான். கொலையைக் காட்டவே மாட்டார்கள். கதவு திறக்கும், அவன் வாளியோடு உள்ளே போவான், தரை முழுக்க ரத்தம். பல் கிடக்கும். ஒரு தடவை விரல் கிடக்கும். அவன் பேச மாட்டான். கழுவுவான், பிழிவான், கழுவுவான். ஒருநாள் கட்டிலுக்கு அடியில் துடைக்கும்போது ஒரு கை அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது. செத்ததாக நினைத்து விட்டுப் போன ஆள். உயிர் இருக்கிறது. வெளியே கும்பல் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறது. இப்போது இவன் என்ன செய்வான்? சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு மூன்று தடவையும் உடம்பெல்லாம் வேர்த்தது ஏட்டய்யா.

பாதியிலேயே ஜெபசிங் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டான். "லேய், ஒரு மணி நேரமா தரை தொடைக்கான்லே. இதப் பாக்க எங்க வீட்டு வேலைக்காரியப் பாத்தா போராதா?"

"ஆபீசர் டேஸ்டுடா," என்றார் நவநீதன் அண்ணன். "நமக்கெல்லாம் புரியாது. நாமெல்லாம் ஃபெயிலான பசங்க."

நான் சிரித்தேன். எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

அந்தக் கை பிடிக்கிற இடம் வந்தபோது "மொக்கை!" என்று யாரோ கத்தினார்கள், போர்வை விழுந்தது. வழக்கமாகப் படம் முடிந்த பிறகுதான் விழும். கொஞ்சம் சீக்கிரமாகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வழக்கமாக முதல் இரண்டு அடியிலேயே ஒத்துக்கொள்வேன். பெரும்பாலும் உண்மையாகவே மோசமான படமாகத்தான் இருக்கும், அதனால் ஒத்துக்கொள்வதில் சிரமம் இல்லை. இந்தத் தடவை வாய் வரவில்லை. பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அது நல்ல படம். எனக்குத் தெரிந்து அந்தச் சுவரில் ஓடியதிலேயே நல்ல படம் அதுதான். நல்ல படத்தை எப்படி மொக்கை என்று சொல்வது?

"ஒத்துக்கோ!"

"நல்ல படம்ணே."

முதுகில் ஒரு முழங்கால் ஏறியது.

"ஒத்துக்கடா ஆபீசரு!"

"நல்ல படம்ணே, கடைசி வரைக்கும் பாருங்கண்ணே."

விலா ஒன்று ஒடிந்தது அப்போதுதான். முறுக்கைக் கடித்த மாதிரி ஒரு சத்தம், என் உடம்புக்குள்ளிருந்தே எனக்குக் கேட்டது. வாயில் உப்புக் கரித்தது. போர்வையை வாயோடு சேர்த்து யாரோ இறுக்கினார்கள். மூச்சு முட்டியது, கையைக் காலை உதறினேன். உதறுவதைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரிப்பு கேட்டது. கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார்கள். ஜெபசிங் படத்தின் சத்தத்தைக் கூட்டி வைத்து, "படம்க்கா, சண்டைப் படம்!" என்று சொல்லி அனுப்பினான். அந்தப் படத்தில் சண்டையே கிடையாது.

அப்புறம் காதில் ஒரு அடி விழுந்தது. குக்கர் விசில் மாதிரி நீளமாக ஒரு சத்தம். நிற்கவே இல்லை. இப்போதும் லேசாக இருக்கிறது.

போர்வையை எடுத்தபோது காதிலிருந்து ரத்தம் வழிந்து பாய் நனைந்திருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. மணிபாரதி "டேய், போதும்டா, போதும்டா" என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனான். நவநீதன் அண்ணன் குனிந்து பார்த்து "நடிக்காத" என்றார். அப்புறம் இரண்டாவது படம் போட்டார்கள். நான்தான் போடச் சொன்னேன். இல்லாவிட்டால் என்னால் எல்லாருக்கும் சனிக்கிழமை கெட்டுப்போன மாதிரி ஆகிவிடுமே. பாம்புப் படம். சிரித்தால் விலாவில் குத்தியது, இருந்தாலும் சிரித்தேன். யாரும் பரோட்டா பிய்த்து வைக்கவில்லை. மறந்திருப்பார்கள். காலையில் ரத்தமாக வாந்தி வந்த பிறகுதான் மணிபாரதி பைக்கை எடுத்தான்.

இவ்வளவுதான் நடந்தது ஏட்டய்யா. இதில் திருட்டு எங்கே இருக்கிறது? கேஸும் வேண்டாம். விளையாட்டில் அடிபட்டது என்று எழுதிக்கொண்டு போய்விடுங்கள். அப்படி எழுத முடியாதா? விளையாட்டில் விலா ஒடியாதா? கபடியில் ஒடிகிறதே.

என்ன? நவநீதன் அண்ணனிடம் பேசிவிட்டீர்களா? எப்போது?

அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஜெபசிங் போனை நான் எடுத்தேனா? கையும் களவுமாகப் பிடித்தார்களா? இல்லை, நீங்கள் சரியாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். போடுங்கள், அவருக்கே போன் போடுங்கள். ஸ்பீக்கரில் வையுங்கள். இந்தக் காதுப் பக்கம்.

"அண்ணே, நான் இசக்கி பேசுதேன்."

"டேய் இசக்கி. ஏட்டய்யா பக்கத்துல இருக்காரா? இருக்கட்டும். இங்க பாரு, சிம்பிள் விஷயம். போனை எடுத்தேன்னு ஒத்துக்கோ. ஜெபசிங் கம்ப்ளெயின்ட் குடுக்க மாட்டான், நானும் குடுக்க மாட்டேன். அத்தோட முடிஞ்சிரும். எங்க மூணு பேர் மேலயும் கேஸ் வராது."

"அண்ணே, எனக்கு வெரிஃபிகேஷன் இருக்குல்லண்ணே."

"அதெல்லாம் பாத்துக்கலாம்டா. ஒரு வேலை போனா இன்னொண்ணு. நான் இல்லியா? உயிரோடதானே இருக்கேன்? ஒத்துக்கோடா. ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் சனிக்கிழமை வழக்கம்போல."

"நான் எடுக்கலியேண்ணே."

"ஒத்துக்கோ இசக்கி."

"எடுக்காததை எப்படிண்ணே எடுத்தேன்னு சொல்றது?"

கட் பண்ணிவிட்டார். சிக்னல் போயிருக்கும். அவர் பயந்துபோயிருக்கிறார் ஏட்டய்யா, வேறு ஒன்றும் இல்லை. பயந்தால் மனிதன் என்னென்னவோ பேசுவான். சனிக்கிழமை நேரில் உட்கார்ந்து சொன்னால் புரிந்துகொள்வார்.

ஆனால் போனை எடுத்தேன் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிற அந்தப் பேப்பரில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவர் மேல் கோபம் எல்லாம் இல்லை. நடக்காததை நடந்தது என்று எனக்குச் சொல்ல வராது, அவ்வளவுதான். திருடவில்லை. அடி விழுந்தது. இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால் நடந்ததை எழுதுங்கள். அண்ணனும் படித்துப் பார்த்தால் இதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை என்று தெரிந்துகொள்வார்.

போர்வைக்குள் இருந்தவனுக்கு யார் அடித்தது என்று எப்படித் தெரியும் என்றுதானே கேட்கிறீர்கள்? கேட்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரியும் ஏட்டய்யா. எத்தனை சனிக்கிழமை! கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வேன். மணிபாரதி கையால் அடிக்க மாட்டான், காலால்தான், அதுவும் தொடையில். பேருக்கு அடிப்பான். இந்தத் தடவை இரண்டோடு நிறுத்திவிட்டான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெபசிங் அடிக்கும் முன்னால் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பான். இடது கைக்காரன். விலா அவனுடையது. முழங்காலும் அவனுடையதுதான், அவன் கனம் எனக்குத் தெரியும்.

நவநீதன் அண்ணன் அவசரப்பட மாட்டார். கத்தவும் மாட்டார். மற்றவர்கள் போர்வையில் எங்கே பட்டாலும் சரி என்று அடிப்பார்கள், அவர் அப்படி இல்லை. குனிந்து உட்கார்ந்து போர்வை மேல் கை வைப்பார். தோள் எது, தலை எது என்று தடவிப் பார்ப்பார். மெதுவாக. அன்றைக்கும் கட்டைவிரல் கன்னத்தில் வந்து நின்றது, அப்புறம் காதோரமாக நகர்ந்தது. எனக்கு அப்போது, சிரிக்காதீர்கள், அண்ணன் போதும் என்று சொல்லப் போகிறார், அதற்குத்தான் தடவிக் கொடுக்கிறார் என்று தோன்றியது. நான் ஆடாமல் படுத்திருந்தேன். கை எடுத்துவிட்டார். அடுத்தது...

கொஞ்சம் இருங்கள்.

காது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடித்தார் ஏட்டய்யா.

எழுதுங்கள். இனிஷியல் த. தஞ்சாவூர்க்காரர். த. நவநீதன்.